கரையில் காவல், கடலில் சாவு: சென்னையின் பங்குனி ஆமைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் காலை நடை போன யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். மெரினா, பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், நீலாங்கரை, தெற்கே கோவளம் என்று வரிசையாக இறந்த ஆமைகள் ஒதுங்கிக் கிடந்தன. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் பத்து இருபது. மாத இறுதியில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. பலவற்றுக்குக் கண் பிதுங்கி, கழுத்து உப்பியிருந்தது. மூச்சுத் திணறிச் செத்ததன் அடையாளம் இது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரக் காவல் படை எல்லாம் சேர்ந்து ரோந்து போகத் தொடங்கின.

இதே கரையில்தான் ஒவ்வொரு மார்ச்சிலும் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அப்பா தோளில் குழந்தை, அம்மா கையில் செல்போன், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நூறு பேர். கையகலம்கூட இல்லாத குஞ்சு அலையை நோக்கித் தத்தித் தத்திப் போகும்போது எழும் கைத்தட்டலைக் கேட்டிருப்பீர்கள். மனிதனும் இயற்கையும் இணங்கி வாழ்வதற்கு இந்த ஊரில் ஓர் அடையாளம் காட்டு என்றால், நானும் யோசிக்காமல் அதைத்தான் காட்டுவேன். இந்தியாவில் வேறு எந்தப் பெருநகரத்திலும் ஊர்மக்கள் இத்தனை ஆண்டுகளாக ராத்திரி தூங்காமல் ஆமை முட்டைக்குக் காவல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படிப்பட்ட ஊரின் கரையில் ஒரே மாதத்தில் ஆயிரம் ஆமைப் பிணங்கள் ஒதுங்கியது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

அடும்பங்கொடியும் அமீனாவும்

ஆலிவ் ரிட்லி என்று புத்தகத்தில் இருப்பதை நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். அது கரையேறும் பருவம் பெயரிலேயே இருக்கிறது. வளர்ந்த பெண் ஆமை நாற்பது, ஐம்பது கிலோ இருக்கும். ஓடு இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் ஏறும். சென்னைக்கு அப்படி வராது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தனித்தனியாகத்தான் வரும்.

அகநானூற்றின் 160-ஆம் பாட்டில் குமுழி ஞாழலார் நப்பசலையார் இந்தக் காட்சியை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். நிறைசூல் ஆமை அடும்பங்கொடி சிதையும்படி இழுத்து, கழியோரத்து வெண்மணல் மேட்டருகே சேர்த்து, முட்டையிட்டு மறைத்துப் புதைக்கிறது. முட்டை தந்தத்தில் கடைந்த வட்டு மாதிரி இருக்கிறது, புலால் நாறுகிறது. அது குஞ்சாகும் வரை அகன்ற வாயுடைய ஆண் ஆமை காவல் காக்கிறது என்கிறார். அடும்பு, மணல்மேடு, புதைத்தல், நாற்றம் எல்லாம் சரி. அடும்பங்கொடியின் ஊதாப்பூவை இன்றைக்கும் நீலாங்கரைப் பக்கம் பார்க்கலாம். காவல் காக்கும் கணவன் மட்டும் கவிஞரின் ஆசை. கடலாமைகளில் ஆண், குஞ்சாக நீரில் இறங்கிய பிறகு கரையேறுவதே அபூர்வம். தாயும் ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். முட்டைக்கு நாதி கிடையாது.

இலக்கியம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டில் பாட்டி சொன்னது வேறு: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. அமீனா என்றால் கோர்ட் ஆள், வந்தால் ஜப்தி, சரி. ஆமை என்ன பாவம் செய்தது என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. இயற்கையோடு இணங்கி வாழ்வது நம் ரத்தத்திலேயே ஊறியது என்று மேடையில் பேசுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நம்மிடம் அந்தப் பாட்டும் உண்டு, இந்தப் பழமொழியும் உண்டு. முட்டையைத் தோண்டி எடுத்துத் தின்பதும் விற்பதும்கூட இந்தக் கரையில் நடந்ததுதான். இன்றைய ஆமைப் பாசம் பரம்பரைச் சொத்து இல்லை. சிலர் வேலை மெனக்கெட்டு உண்டாக்கியது.

காவல் தொடங்கிய விதம்

1970களின் முற்பகுதியில், சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேகரும் அவரோடு இருந்த இளைஞர்களும் இரவில் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தார்கள். பின்னாளில் இந்தியக் கடலோரம், தீவுகள் என்று சுற்றி ஆமைக் கணக்கெடுத்த சதீஷ் பாஸ்கரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். நாய்க்கும் நரிக்கும் மனிதனுக்கும் முன்னால் முட்டையைக் கண்டுபிடித்து, வேலி போட்ட இடத்துக்கு மாற்றிப் புதைப்பதுதான் திட்டம். 1980களில் வனத்துறை இந்த வேலையைச் சில ஆண்டுகள் நடத்தியது. அது நின்றபோது, 1988-ல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். மாணவர்கள் படித்து முடித்துப் போவார்கள், புதிதாக மாணவர்கள் வருவார்கள். இன்று வரை நடை நிற்கவில்லை. வனத்துறையும் இப்போது தனியாகப் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது.

நடை என்றால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை, நள்ளிரவுக்கு முன்னும் பின்னுமாக நீலாங்கரையில் கிளம்பி, கொட்டிவாக்கம், திருவான்மியூர் குப்பங்களைத் தாண்டி பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் நடக்கிறார்கள். டார்ச் அடிக்கக்கூடாது. ஈரமணலில் கண்ணைப் பதித்துக்கொண்டே நடக்க வேண்டும். ஆமை ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். ஆனால் முட்டை எங்கே என்று தெரியாது. தாய் ஆமை குழியை மூடிய பிறகு, உடம்பைப் பக்கத்துக்குப் பக்கம் தூக்கிப் போட்டு மணலை இடித்து இறுக்கும், சுற்றிலும் துடுப்பால் மணலை வாரி இறைக்கும். கள்ளனுக்கு வழி காட்டாமல் இருக்கத்தான்.

அங்கேதான் அனுபவசாலிகளின் கை பேசும். ஒரு குச்சியை மணலில் மெல்ல இறக்கிப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் அது தடுக்கும். குழியின் கழுத்து இருக்கும் இடத்தில் சட்டென்று உள்ளே போகும். கொஞ்சம் வேகம் கூடினால் முட்டை உடையும். இடம் தெரிந்ததும் குச்சியை வைத்துவிட்டுக் கையால் தோண்டுவார்கள். முழங்கை வரை, சில சமயம் தோள் வரை மணலுக்குள் போகும். சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழி. நூறு, நூற்றிருபது முட்டைகள். ஓடு தோல் போல மெத்தென்று இருக்கும். எண்ணிக்கொண்டே பைக்குள் வைப்பார்கள், தாயின் ஈரமணலும் கொஞ்சம் கூடவே போகும். சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி வெட்டிப் புதைத்தாக வேண்டும். நேரம் கடந்தால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் முட்டையைத் திருப்பினாலே கரு செத்துப்போகும்.

45 நாளிலிருந்து 60 நாளுக்குள் பொரியும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேலே போனால் பெண், கீழே இருந்தால் ஆண். ரொம்பச் சூடானால் இரண்டும் இல்லை, முட்டையே வெந்துவிடும். அதனால்தான் பிந்திய பருவத்தில் பொரிப்பகங்களுக்கு மேலே நிழல்வலை கட்டுகிறார்கள்.

இன்னொன்று விளக்கு. மணலை விட்டு வெளியே வரும் குஞ்சு வெளிச்சமான தொடுவானத்தை நோக்கிப் போகும். லட்சக்கணக்கான ஆண்டுகளாக இரவில் வெளிச்சமான பக்கம் கடல்தான். பெசன்ட் நகரில் அது சாலையும் கடைத்தெருவும். குஞ்சு அந்தப் பக்கம் போனால் டயருக்கோ நாய்க்கோ இரை. பருவத்தில் கடலோர விளக்குகளை இரவில் அணைத்து வைக்கும் ஏற்பாடு இதற்காக வந்தது. உயர்கோபுர விளக்கை அணைத்தால் போதுமா, தனியார் கட்டடங்களின் அலங்கார விளக்கை யார் அணைப்பது என்ற சண்டை ஆண்டுதோறும் உண்டு.

கரையும் பழைய கரை இல்லை. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல்லில் ஆமை குழி தோண்டாது.

கடலில் நடப்பது

கரையில் இத்தனை வேலை நடக்கிறது. ஆனால் 2025-ல் ஒதுங்கிய ஆமைகள் கரையில் சாகவில்லை.

ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கும். இழுவைமடி, அதாவது விசைப்படகு இழுத்துப் போகும் பை போன்ற வலை, கடலடியை வாரிக்கொண்டே போகும்போது இறாலோடும் மீனோடும் ஆமையும் உள்ளே போய்விடுகிறது. ஒரு தடவை போட்ட மடியை மூன்று மணி நேரம்கூட இழுப்பார்கள். சும்மா படுத்திருக்கும் ஆமை அதைவிட நீண்ட நேரம் நீருக்கடியில் தாங்கும். வலைக்குள் பதறி அடித்துக்கொள்ளும் ஆமை அப்படித் தாங்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் சாவு விறுவிறுவென்று கூடும் என்பது ஆய்வாளர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வருவது. செத்த ஆமையைக் கடலிலேயே எறிந்துவிடுவார்கள். வாயு நிரம்பி மிதக்கும் உடல், வாடைக்காற்று கரைப்பக்கம் தள்ளும்போது ஒதுங்குகிறது. செத்ததில் ஒரு பகுதிதான் அப்படிக் கரைக்கு வரும். மீதி அழுகி மூழ்கும், அல்லது மீன் தின்னும். ஆகவே ஆயிரம் என்பது கண்ணுக்குத் தெரிந்த ஆயிரம்.

மிதந்து வருவது என்பதால் ஒரு வாதத்துக்கும் இடம் இருக்கிறது. இவை எங்கள் வலையில் மாட்டியவை இல்லை, வடக்கே ஆந்திரக் கடலில் செத்து மிதந்து வந்தவை என்று விசைப்படகுக்காரர்கள் சொல்லலாம். சிலவற்றுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஒதுங்கிய உடலை மட்டும் பார்த்துக் கொலை நடந்த இடத்தைச் சொல்ல முடியாது. ஆனால் உடல் அழுகாமல் ஒதுங்கியவற்றுக்கு இந்த வாதம் பொருந்தாது.

சட்டம் இல்லாமல் இல்லை. பங்குனி ஆமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கடலில், கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்துக்குள், விசைப்படகு இழுவைமடி போடக்கூடாது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவது பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். இறாலும் கரையோரத்தில்தான் அதிகம். டீசல் விலையோடு மல்லுக்கட்டும் படகு எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் இங்கே ஆமைக்கு உதவுவதில்லை. கிழக்குக் கடற்கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக வகுத்தது. பங்குனி ஆமை முட்டையிட வந்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் தடையே தொடங்குகிறது.

இதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஆமை விலக்குக் கருவி என்பார்கள். மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்திய கம்பிக் கூண்டு. இறாலும் சிறு மீனும் கம்பி இடுக்கில் நுழைந்து பின்னால் போகும். ஆமை கம்பியில் மோதி, மடியில் வெட்டிய திறப்பு வழியாக வெளியே போய்விடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரி ஒன்றை எப்போதோ செய்து கொடுத்துவிட்டது. அதே திறப்பு வழியாகப் பெரிய மீனும் போய்விடுமே என்பது மீனவர்களின் கவலை. அது வெட்டிக் கவலை இல்லை, கொஞ்சம் நட்டம் உண்டு. இதைப் பொருத்தாத நாட்டிலிருந்து கடல் இறாலை வாங்குவதில்லை என்று அமெரிக்கா சட்டம் வைத்திருக்கிறது. 2019 முதல் இந்தியக் கடல் இறாலுக்கு அந்தச் சந்தை அடைபட்டுக் கிடந்தது இதனால்தான். பண்ணை இறால் தாராளமாகப் போனதால், இந்த அடி வடசென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டின் படகுக்காரர் பையில் நேராக விழுந்த மாதிரி உறைக்கவில்லை.

கணக்கு

குஞ்சு விடும் விழாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் இந்த ஊரில் ஆமைக்கு ஆள் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

கடலில் இறங்கும் ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்து பெரிதாகும் என்பது பொதுவாகச் சொல்லும் விகிதம். துல்லியம் இல்லை, சும்மா ஒரு மதிப்புக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரம் பெரிய ஆமைகள் செத்தால் அந்த இடத்தை நிரப்ப 10 லட்சம் குஞ்சுகள் வேண்டும். ஒரு குழிக்கு 110 முட்டை, அத்தனையும் பொரிந்தது என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 9,000 குழிகளுக்கு மேல். அதுவும் உடனே நடக்காது, ஒரு பங்குனி ஆமை முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை எத்தனை ராத்திரி விழித்தாலும் அத்தனை குழி கிடைக்காது, ஏனென்றால் அத்தனை ஆமை இங்கே ஏறுவதே இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1987-ல் அமெரிக்காவில் பெருந்தலை ஆமைகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கரையில் உள்ள முட்டை ஒன்றுவிடாமல் காப்பாற்றினாலும் கூட்டம் குறைந்துகொண்டேதான் போகும், வளர்ந்துவரும் ஆமைகளும் பெரிய ஆமைகளும் சாவது குறைந்தால்தான் மீளும் என்று வந்தது. விலக்குக் கருவியைக் கட்டாயமாக்கும் பேச்சுக்கு அங்கே வலு சேர்த்தது அந்தக் கணக்கு. பெருந்தலை ஆமை வேறு, பங்குனி ஆமை வேறு. ஆனால் முட்டை மலிவு, பெரிய ஆமை அரிது என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஐம்பது ஆண்டுகளாக நாம் கண்ணுக்குத் தெரியும் பாதியைப் பார்த்துக்கொண்டோம். குஞ்சை நாம் எண்ணுகிறோம், படம் பிடிக்கிறோம், செய்தி போடுகிறோம். கடலில் எத்தனை மடிகளில் கம்பிக் கூண்டு பொருத்தியிருக்கிறது என்று யாரும் ஆண்டுதோறும் படம் பிடித்துப் போடுவதில்லை. அந்தப் பாதியில் கைத்தட்ட ஒன்றும் இல்லை.

பழி யார் மேல்

ஆமை ஒதுங்கியதும் நகரவாசிகள் பேச்சில் மீனவர் என்ற ஒரே சொல் வந்துவிடுகிறது. கடலோரத்தில் அது ஒரே ஆள் இல்லை. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவரும் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவரும் ஒன்றல்ல. எல்லை மீறிக் கரையோரம் வரும் இழுவைமடி, ஃபைபர் படகுக்காரர் போட்டிருக்கும் வலையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகிறது. 5 கடல் மைல் எல்லையை ஒழுங்காகக் காவல் காத்தால் ஆமையைவிட முதலில் மகிழ்பவர் அவராகத்தான் இருப்பார். ஆமை நடைக்காரர்களுக்கும் குப்பத்துக்காரர்களுக்கும் பல இடங்களில் நல்ல பழக்கம் இருக்கிறது. ஆமை எந்தப் பக்கம் ஏறியது என்று விடிகாலையில் கடலுக்குப் போகிறவர் சொன்னால்தான் பல குழிகள் கிடைக்கின்றன. அதே சமயம் ஃபைபர் படகின் வலைகளும் சுத்தம் இல்லை. திருக்கை வலையில் மாட்டும் ஆமைகளும் உண்டு. மாட்டிய ஆமையை உயிரோடு விட வலையை அறுக்க வேண்டும். வலை அறுந்தால் நட்டம் யாருக்கு?

மகாராஷ்டிரம் இதற்கு ஒரு வழி கண்டது. பாதுகாக்கப்பட்ட உயிரினம் வலையில் மாட்டினால், வலையை அறுத்து உயிரோடு விடும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு என்று 2018-ல் அறிவித்தது. விடுவித்ததற்குச் சான்றாக மீனவர் படமோ வீடியோவோ எடுத்துக் காட்டினால் போதும்.

சென்னையில் ஆமைக்காகக் கொடுக்கும் நன்கொடையில், பேசும் மேடையில், நீதிமன்றத்தில் கேட்கும் உத்தரவில் இந்த இரண்டும் முதலிடத்துக்கு வர வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று, இழப்பீடு. இன்னொன்று, டிசம்பர் முடிவதற்குள் காசிமேட்டில் ஒவ்வொரு மடியாகப் பார்த்து, எதில் விலக்குக் கருவி இருக்கிறது, எதில் இல்லை என்று மீன்வளத்துறை வெளிப்படையாகப் பட்டியல் போடுவது. கருவியின் விலையையும் முதல் பருவத்தில் தப்பிப்போகும் மீனின் நட்டத்தையும் அரசு ஏற்றுக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். ரோந்துப் படகு பிப்ரவரியில் கிளம்பிப் பயன் இல்லை, ஜனவரி முதல் தேதி அது கடலில் இருக்க வேண்டும்.